எட்டாம் வாரத்துப் பாட்டில்கள்

பிப்ரவரி 5, திங்கள்

பி.பி. டாக்டர் சொன்னதற்காக இந்த டைரி. "கோபம் வந்தா வாயத் திறக்காதீங்க, எழுதுங்க" என்றார். கூட வந்த இவர், என் வீட்டுக்காரர், அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வரும் வழியிலேயே நோட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார். என் வாயை அடைக்க இவ்வளவு மலிவான வழி இருக்கிறது என்று இருபது வருடமாகத் தெரியாமல் போயிற்றாம்.

இன்றைய கோபம்: கோதண்டபாணி சார். முதலாளி என்றால் கெமிஸ்ட்ரியும் தெரிய வேண்டுமா என்ன. மும்பை பிராண்டுக்கு நாங்கள் செய்து கொடுக்கும் ஹேர் கண்டிஷனர் ஒரு பேட்ச் ஆற ஐந்து மணி நேரம் ஆகிறதாம். அதை இரண்டு மணியாக்க வேண்டுமாம். குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டு ஆற வைக்கும் புது சில்லர் வாங்கியிருக்கிறார், அதை எங்காவது ஓட்டிக் காட்ட வேண்டும்.

கண்டிஷனரின் உடம்பு என்பது சீட்டோஸ்டியரில் ஆல்கஹால். பெயரில்தான் ஆல்கஹால், பார்த்தால் சோப்பைச் சீவிப் போட்டதுபோல் வெள்ளை மெழுகு. எழுபத்தைந்து டிகிரியில் உருக்கித் தண்ணீரோடு கலந்து, கிண்டிக்கொண்டே ஆற வைத்தால் வெண்ணெய்போல் திரளும். ஆற வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெழுகும் தண்ணீரும் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கடுக்காக அமர நேரம் வேண்டும்.

சார் சொன்னபடி வேகமாக ஆற வைத்து ஒரு சோதனை பேட்ச் போட்டோம். பிளாண்டில் பத்தொன்பது வருடமாக கெட்டில் என்கிற கலவை அண்டாவை ஓட்டும் டில்லிபாபு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"மேடம், செவுத்துல ஆடை கட்டுது பாருங்க. சில்லுனு தண்ணி பட்டதும் மெழுகு அங்கியே ஒட்டிக்குது. அப்பால அதுவே உரிஞ்சு உள்ள வியும்."

"கிண்டினா கரைஞ்சிடும் பாபு."

"கரையாது மேடம். இன்னிக்கு கரைஞ்ச மாதிரி தெரியும்."

விழுதை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பட்டு. விஸ்காசிட்டி, அதாவது கெட்டித்தன்மை, 16,600. இருபத்துநாலு பாட்டிலில் நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, நாற்பத்தைந்து டிகிரி ஓவனில் வைத்தேன். முதல் வாரம், நாலாம் வாரம், எட்டாம் வாரம், பன்னிரண்டாம் வாரம் என்று தனித்தனி செட். அந்தந்த வாரத்துக்குரியதை அந்தந்த வாரம்தான் திறக்க வேண்டும். அந்த வெக்கையில் மூன்று மாதம் தாங்கினால் கடை அலமாரியில் இரண்டு வருடம் தாங்கும் என்பது கணக்கு.

வீட்டில் சிங்க் அடைத்துக்கொண்டது. நானே குத்தி எடுத்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

முதல் வாரம். 16,800. மாற்றமில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

பிளாண்ட் ஆட்களுக்கு வருடாந்திர டிரெயினிங். நான்தான் பேசினேன். ஒவ்வொரு வருடமும் அதே பாட்டு: "செஞ்சத எழுதுங்க. எழுதினதச் செய்யுங்க. தப்பா எழுதிட்டா கிறுக்காதீங்க, வெள்ளை பூசாதீங்க. ஒரே ஒரு கோடு போடுங்க, கீழ இருக்கறது படிக்கத் தெரியணும். பக்கத்துல கையெழுத்து, தேதி." பாதிப் பேர் கொட்டாவி. டில்லிபாபு மட்டும் முதல் முறை கேட்பதுபோல் தலையாட்டினார். மனுஷன் பேட்ச் ஷீட்டை மணிமணியான கையெழுத்தில் எழுதுவார், பரிட்சை எழுதுகிற மாதிரி.

மார்ச் 4, திங்கள்

நாலாம் வாரம். 17,500. லேசாக ஏறுகிறது, பரவாயில்லை. வாரத்துக்கு இருநூறு சொச்சம் என்று கோடு நேராகப் போகிறது. சார் வாசலிலேயே நின்று "என்னம்மா, பாஸா?" என்று கேட்கிறார். பிள்ளை பெற்ற வீட்டில் கேட்பதுபோல.

மார்ச் 27, புதன்

நாத்தனார் மகளுக்குத் திண்டிவனத்தில் நிச்சயதார்த்தம், திங்கட்கிழமை. பிளவுஸ் கைப்பக்கம் பிடிக்கிறது. டெய்லரிடம் சொன்னால், "துணி சுருங்கலக்கா, நீங்கதான்" என்கிறான். இதையும் எழுதச் சொன்னார் டாக்டர்.

ஏப்ரல் 1, திங்கள்

திண்டிவனம். பெண்ணுக்குப் பச்சைப் பட்டு எடுப்பாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரவே பதினொன்றரை. சாப்பாட்டில் வத்தக்குழம்பு பிரமாதம். இடையில் சார் மூன்று தடவை போன். எட்டாம் வார ரீடிங் வந்தால் மும்பைக்கு அனுப்ப வேண்டுமாம், புதன்கிழமை பிளாண்டில் ஆரம்பிக்க வேண்டுமாம். நாளைக் காலை கொடுக்கிறேன் என்றேன். வீடு வந்து சேர்ந்தபோது கால் வீங்கியிருந்தது.

ஏப்ரல் 2, செவ்வாய்

லேட்டாகத்தான் போனேன். போனதும் சார் ரூமில் மும்பை ஆட்களோடு போன். எட்டாம் வாரம் போட்டாயிற்று. 18,300. கோடு நேராகவே போகிறது. மாற்றமில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வந்தது.

ஏப்ரல் 3, புதன்

புது முறையில் உற்பத்தி ஆரம்பம். பேட்ச் 28. இரண்டு மணி நேரத்தில் ஆறிவிட்டது. சார் எல்லோருக்கும் பாதுஷா கொடுத்தார். டில்லிபாபு தன் பங்கைத் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ரீடிங் நல்லா இருந்திச்சா மேடம்?" என்று கேட்டார். "நல்லா இருந்துச்சு" என்றேன். "அப்ப சரி, நமக்குத்தான் பயம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 29, திங்கள்

பன்னிரண்டாம் வாரம். ஓவன் சாவியைக் காணவில்லை. நாளை.

ஏப்ரல் 30, செவ்வாய்

சாவி கைப்பையிலேயே இருந்தது. இன்று ஆடிட் வேலை. நாளை லீவு. வியாழக்கிழமை பார்க்கலாம்.

மே 8, புதன்

அக்னி வெயில். மாவு இரண்டு மணி நேரத்தில் பொங்கி வழிகிறது. பன்னிரண்டாம் வார ரீடிங்கை யாரும் கேட்கவில்லை. உற்பத்திதான் ஓடிக்கொண்டிருக்கிறதே.

ஜூன் 10, திங்கள்

புகார் வந்துவிட்டது. மும்பையிலிருந்து அட்டைப்பெட்டிகளில் பாட்டில்கள் திரும்பி வந்திருக்கின்றன. ஒன்றைப் பிதுக்கினேன். விரலில் ரவை. சம்பா ரவை மாதிரி மணிமணியாக. ஒரு அம்மாள் எழுதியிருக்கிறாள், தலையில் தேய்த்தால் பேன்முட்டைபோல் ஒட்டிக்கொள்கிறதாம். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சார் கத்தினார். யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாததால் எல்லோரையும் பார்த்து.

ஜூன் 12, புதன்

பேட்ச் ஷீட் எல்லாவற்றையும் சார் ரூமில் பரப்பி வைத்துப் பார்த்தோம். பத்தொன்பது ஷீட். பதினாறில் எல்லாம் விதிப்படி. மூன்றில் மட்டும் வேறு. 31, 36, 40. மூன்றும் டில்லிபாபு ஓட்டியவை. மணிமணியான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "சில்லர் தண்ணீர் 50 டிகிரி வரை திறக்கவில்லை. மெதுவாக ஆற வைத்தது."

"பிடிச்சாச்சு" என்றார் சார்.

பாட்டில்களின் அடியில் பேட்ச் நம்பர் அச்சாகியிருக்கும். அட்டைப்பெட்டி மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தலைவலி.

ஜூன் 13, வியாழன்

விசாரணை. சார், மேனேஜர், நான். எதிரே டில்லிபாபு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அன்னிக்கெல்லாம் பாட்டில் லோடு வரல சார். பேக்கிங் நின்னு போச்சு. டைம் இருந்திச்சு. செவுத்துல ஆடை கட்டறத பாத்துகினு சும்மா இருக்க மனசு வரல. அதான் மெதுவா வுட்டேன். ஷீட்ல எழுதிட்டனே சார், மறைக்கலையே."

சார் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. முறைய மாத்தினா இப்படி ரவை ரவையா ஆகுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாபுவும். அவர் முகத்தில் பயம்கூட இல்லை. மேடம் சொல்லிவிடுவாள் என்கிற மாதிரி நின்றார்.

"ஆகலாம்" என்றேன்.

பொய் இல்லை. முறை மாறினால் எதுவும் ஆகலாம். புத்தகத்திலேயே இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

டில்லிபாபுவிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். லாக்கரைக் காலி செய்யும்போது லேப் வாசலில் வந்து நின்றார். "வரேன் மேடம்" என்றார். "நம்மால கம்பெனிக்குக் கெட்ட பேரு" என்றார். நான் ஏதோ டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தேன், சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் வேலை, கண்ணை எடுக்க முடியாத இடம். தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டு மோட்டாருக்கு வால்வு மாற்ற ஆள் வந்தான். தண்ணீர் இப்போது நன்றாக வருகிறது.

ஜூன் 26, புதன்

பி.பி. 160/100. டாக்டர் டைரியைப் பற்றி விசாரித்தார். எழுதுகிறேன் என்றேன். "எல்லாத்தையும் எழுதறீங்களா?" என்று கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான் போலிருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

மும்பையிலிருந்து புகார்ப் பட்டியல் வந்தது. நூற்றுப்பன்னிரண்டு பாட்டில், ஒவ்வொன்றுக்கும் நேராக பேட்ச் நம்பர். "ஃபைல்ல போட்டு வைங்க" என்று சார் அனுப்பியிருந்தார்.

28, 29, 30. பிறகு 32. 33, 34, 35. பிறகு 37.

திரும்ப ஒரு முறை பார்த்தேன். 31 இல்லை. 36 இல்லை. 40 இல்லை.

சாம்பிள் அறைக்குப் போனேன். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பாட்டில் அங்கே எடுத்து வைப்போம். அந்தப் பத்தொன்பதையும் வரிசையாக மேஜையில் வைத்து, ஒவ்வொன்றாகக் கையில் பிதுக்கினேன். ரவை, ரவை, ரவை. 31, பட்டு. ரவை. 36, பட்டு. 40ஐ மூன்று தடவை பிதுக்கினேன். கையெல்லாம் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

பிறகு ஓவனைத் திறந்தேன்.

கீழ்த்தட்டில் ஆறு பாட்டில். "எட்டாம் வாரம்" என்று என் கையெழுத்து. மூடியைச் சுற்றி டேப். டேப்பின் மேல் பிப்ரவரி 5 தேதியிட்டு நான் போட்ட கையெழுத்து. கிழியவே இல்லை.

எழுதுகிறேன். ஏப்ரல் 2ஆம் தேதி நான் ஓவனைத் திறக்கவில்லை. கால் வீங்கியிருந்தது, சார் போனில் காத்துக்கொண்டிருந்தார், கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. நாலாம் வாரத்துக்கு மேல் எட்டாம் வாரம் எங்கே விழும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருட அனுபவம். 18,300 என்று எழுதினேன். முழு எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று 18,000 போடவில்லை. அந்த அளவுக்கு யோசித்திருக்கிறேன். அந்த அளவுக்கு யோசிக்கத் தெரிந்தவளுக்கு எழுந்து இருபது அடி நடந்து ஒரு கதவைத் திறக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் வாரத்தை ஏன் பார்க்கவில்லை என்பதற்குச் சாவி காரணமில்லை.

டேப்பைக் கிழித்தேன். ஆறிலும் ரவை.

ஜூலை 18, வியாழன்

சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மும்பைக்கு என்ன சொல்லியிருக்கோம்? ஆபரேட்டர் தப்பு, ஆள எடுத்துட்டோம்னு. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப போய் நம்ம ரீடிங்கே பொய்னு சொன்னா ஆர்டரே போயிடும். நீங்க பேசாம பழைய முறைக்கு மாத்திடுங்க. காரணம் ஒண்ணும் எழுத வேணாம்."

"பாபு?"

"அவரு வேற வேலைக்குப் போயிட்டாராமே. ஏம்மா தூண்டித் துருவணும்?"

வெளியே வந்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சாயங்காலம் வரை இருந்தது அந்த நிம்மதி. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

இவரிடம் சந்தைக்கு என்று சொல்லிவிட்டுப் பட்டாபிராம் போனேன். டில்லிபாபு வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அவர் மனைவி சுகுணா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

பாபு இப்போது ஒரு கேட்டரிங் காண்ட்ராக்டரிடம் இருக்கிறார். கல்யாண மண்டபங்களில் பெரிய அண்டாவில் பாயசம் கிண்டுகிறாராம். "அதுவும் நம்ம வேலதான் மேடம். கிண்டிகினே ஆத்தணும். இன்னா, இத துன்னலாம்" என்று சிரித்தார்.

காபி வந்தது. நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தேன். அவரே கேட்டார்.

"அந்த முப்பத்தொண்ணு, முப்பத்தாறு, நாப்பது. அதெல்லாம் ரொம்ப மோசமாப் போச்சா மேடம்?"

"இல்ல பாபு. அந்த மூணு மட்டும்தான் நல்லா இருக்கு."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். "கேட்டியா சுகுணா?" என் பக்கம் திரும்பினார். "ஒரு மாசமா இதையேதான் நெனச்சினு கீறேன் மேடம். நம்ம அதிகப்பிரசங்கித்தனத்தால அத்தன பேரு பொழப்பு கெட்டுச்சேன்னு. நீங்களே ஆகலாம்னு சொல்ட்டீங்க, அப்ப நம்ம கைதான் தப்புன்னு நெனச்சிட்டேன்."

என் ஒரு வார்த்தையை நம்பித் தன் பத்தொன்பது வருடக் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறார். இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. வேலை போனதைத்தான் நினைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். திண்டிவனம், 18,300, டேப். சுகுணா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"பயமா இருந்துச்சு."

"இவருக்கு மட்டும் பயம் இல்லியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் கீழே வைத்த தட்டை பாபு எடுத்து ஓரமாக வைத்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். பாட்டை ஒப்பிப்பதுபோல் சொன்னார்:

"நா ஷீட்ல எழுதாம வுட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது மேடம். எப்பவும்போல ரெண்டு மணி நேரம்னு போட்டுட்டுப் போயிருக்கலாம். எழுதறப்ப பேனாவ வச்சிகினு யோசிச்சேன். நீங்கதான் சொல்வீங்களே, செஞ்சத எழுதுங்கன்னு. அதான் எழுதிட்டேன்."

நான் அழுதேன். அவர் எழுந்து போய் எனக்கு ஆட்டோ பிடித்து வந்தார்.

ஜூலை 22, திங்கள்

ஓவன் ரீடிங்குகளை எழுதி வைக்கும் ஸ்டெபிலிட்டி நோட்டை எடுத்தேன். எட்டாம் வாரம், 18,300. ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே இருப்பது படிக்கத் தெரிகிறது. பக்கத்தில் எழுதினேன்: "பாட்டில் திறக்கப்படவில்லை. ரீடிங் பார்க்காமல் எழுதப்பட்டது. ஜூலை 15இல் திறந்தபோது ஆறு பாட்டிலிலும் மணல்தன்மை. பேட்ச் 31, 36, 40 குறையற்றவை." கையெழுத்து, மனோரஞ்சிதம். இன்றைய தேதி.

ஒரு பிரதி சாருக்கு. ஒரு பிரதி மும்பைக்கு. சாருக்குக் கொடுப்பதற்கு முன்பே மும்பைக்கு அனுப்பிவிட்டேன், மனசு மாறிவிடும் என்று பயந்து.

பழையபடி மெதுவாக ஆற வைத்து ஒரு புது செட் போட்டேன். இருபத்துநாலு பாட்டில், டேப், கையெழுத்து.

ஜூலை 24, புதன்

சார் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தார். நியாயம்தான். ஆர்டர் போகவில்லை என்பது அவருக்கே ஆச்சரியம். மும்பைக்காரர்கள் ஆபரேட்டரைத் திரும்ப எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்களாம். "காண்ட்ராக்ட்ல வேணா வரச் சொல்லுங்க" என்றார், என்னமோ தானம் கொடுப்பதுபோல. காண்ட்ராக்ட் இல்லை, பழைய வேலை, பழைய சர்வீஸ் என்று சண்டை போட்டேன். பி.பி. எகிறியிருக்கும். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

இவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போனார். பிறகு சாதம் போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 25, வியாழன்

பாபுவுக்குப் போன் செய்தேன். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வேணாம் மேடம்" என்றார்.

"ஏன் பாபு? எல்லாம் பழையபடிதான். நானும் இருக்க மாட்டேன்."

"நீங்க இருக்கறதுக்கு இன்னா மேடம். அங்க வந்தா எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. எனக்குத்தான் இனிமே ஷீட்டப் பாத்தா கை ஓடாது. எழுதலாமா வேணாமான்னு யோசன வந்துரும். அப்டி யோசிச்சிகினு கெட்டில் ஓட்டக்கூடாது."

அவர் போனை வைத்த பிறகும் காதில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

எனக்குக் கடைசி வாரம். புது செட்டுக்கு எட்டாம் வாரம். காலையில் போனதும் முதல் வேலையாக ஓவனைத் திறந்தேன். டேப்பைக் கிழித்தேன். ஆறு பாட்டிலையும் ஒவ்வொன்றாக விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு ரவை மணிகூட இல்லை. 16,450. பிப்ரவரி செட் ஏறியதுபோல் ஏறவே இல்லை. நான் ஊகித்திருந்தால் இந்த எண்ணை எழுதியிருக்க மாட்டேன்.

முறை என்ற கட்டத்தில் "டில்லிபாபு கூறியபடி" என்று எழுதினேன்.

அவருக்குப் போன் செய்தேன். பின்னால் ஒரே இரைச்சல், நாதஸ்வரம், பாத்திரச் சத்தம். ரீடிங்கைச் சொன்னேன். "அப்டியா மேடம்" என்றார். பிறகு, "பாட்டில தொறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன் பாபு."

"சரி மேடம். பாயசம் அடி புடிக்கும். அப்பால பேசறேன்."

மணி ஐந்தரை ஆகிறது. அவர் இன்னும் பேசவில்லை.